சித்தப்பாவின் நெற்றி

நேற்று காலை காபி குடிக்கும்போது சித்தப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பக்கவாதம்தான் என்று பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். (இந்த மாதிரி நேரத்தில் ஓடத்தான் வேண்டும், வீட்டில் ஆராய்ச்சி கூடாது.)

டாக்டர் முதலில் சொன்னது, "புருவத்தைத் தூக்குங்க ஐயா." வலது நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வலது கண்ணும் மூடவில்லை. கை, கால், பேச்சு எல்லாம் சரி.

மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் 7ஆவதுதான் முகத்தை அசைக்கிறது. நெற்றிக்கு மட்டும் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வரும். அதனால் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடுமாம். நரம்பே வீங்கினால் நெற்றியும் சேர்ந்து படுத்துவிடும். இது இரண்டாவது ரகம், பெல்ஸ் பால்ஸி. ஸ்டீராய்டு மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

நாக்கின் முன்பக்கச் சுவையும் இதே நரம்பு வழியாகத்தான் போகிறதாம். சோதிக்கச் சர்க்கரை வைத்தார்கள். அப்புறம் என்ன, சர்க்கரை வியாதிக்காரருக்கு அந்த ஒரு நிமிடம் மட்டும் ஏக சந்தோஷம்.