சம்பள ஃபைல் சர்வரில் எத்தனை நாள் கிடக்கிறது?

2023 மே மாதக் கடைசியில், மூவ்இட் டிரான்ஸ்ஃபர் என்ற ஃபைல் பரிமாற்ற மென்பொருளில் இருந்த ஓர் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைக்குள் வெளியாள் தன் கட்டளையை நுழைக்கும் வழி) வழியாக, தரவைத் திருடிப் பணம் கேட்டு மிரட்டும் க்ளாப் கும்பல் உள்ளே புகுந்தது. பிரிட்டனில் பல நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கும் ஜெல்லிஸ் அந்த மென்பொருளைத்தான் வைத்திருந்தது. பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ், பூட்ஸ் ஊழியர்களின் விவரங்கள் அதனால் வெளியே போயின. மூவ்இட் ஃபைல்களை என்கிரிப்ட் செய்துதான் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான்) அனுப்பும், என்கிரிப்ட் செய்துதான் சேமிக்கும். ஆனால் அதைத் திறக்கும் சாவியும் அதே மென்பொருளிடம்தான் இருக்கும். மென்பொருளே எதிராளி கைக்குப் போனபிறகு பூட்டு எதைக் காக்கும்? 2020 டிசம்பரில் அக்செலியன், 2023 தொடக்கத்தில் கோஎனிவேர், 2024 டிசம்பரில் க்ளியோ என்று இந்தக் கும்பல் ஃபைல் பரிமாற்ற மென்பொருள்களையே தேடித்தேடி அடித்திருக்கிறது. பல பேருடைய ஃபைல்கள் ஒரே இடத்தில் மொத்தமாகக் கிடைக்கும் இடம் அது.

ஆகவே, எந்த வழியாக அனுப்புகிறோம் என்பதைவிட, போய்ச் சேர்ந்த ஃபைல் அங்கே எவ்வளவு நேரம், எந்த நிலையில் கிடக்கிறது என்பதே பெரிய கேள்வி. வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி, பாஸ்வேர்டையும் ஃபைலையும் மறைக்காமல் அனுப்பும், அதை மூடிவிடுங்கள். அதற்கே என்கிரிப்ஷன் சேர்த்த எஃப்டிபிஎஸ் பாதுகாப்பானதுதான், ஆனால் ஃபயர்வாலில் ஃபைல் போகும் பாஸிவ் போர்ட்டுகளை (நெட்வொர்க் வாசல்களை) வரிசையாகத் திறக்க வேண்டியிருக்கும். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்புக்குள் ஃபைலை அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு 22-ஆம் போர்ட் ஒன்று போதும். அதற்கு, சின்ன நிறுவனத்துக்கு லினக்ஸில் கிடைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளே தாராளம்.

அதை அமைக்கும்போது வெளியாட்களுக்கென்று தனி குரூப் வையுங்கள். அதன் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டியின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலின் கடைசியில் அந்த குரூப்புக்கு ஒரு மேட்ச் பகுதி எழுதி, ஒவ்வொருவரையும் அவரவர் ஃபோல்டருக்குள் சிஎச்ரூட் செய்து (அதற்கு வெளியே எதுவும் தெரியாதபடி அடைத்து), எஸ்எஸ்எச்டிக்குள்ளேயே இருக்கும் இன்டர்னல் எஸ்எஃப்டிபியை மட்டும் ஃபோர்ஸ் கமாண்டாக (வேறு எதுவும் ஓட முடியாதபடி) கொடுங்கள். மேட்ச் வரிக்குக் கீழே வருவதெல்லாம் அந்த குரூப்புக்கு மட்டுமே செல்லும் என்பதால்தான் அது கடைசியில் இருக்க வேண்டும். டிசிபி ஃபார்வர்டிங்கை மறக்காமல் நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால், ஃபைல் போட மட்டும் அனுமதித்த வெளியாள் உங்கள் சர்வர் வழியாக உள் நெட்வொர்க்குக்கே டனல் போட முடியும். பாஸ்வேர்ட் லாகினையும் நிறுத்தி, கீ மட்டும் ஏற்கச் செய்யுங்கள். கீ என்பது ஒரு ஜோடி: பிரைவேட் கீ பயனரிடமே இருக்கும், பப்ளிக் கீ சர்வரில் இருக்கும். அந்தப் பப்ளிக் கீக்களை பயனரின் ஹோம் ஃபோல்டரில் வைக்காமல், ரூட் (முழு அதிகாரமுள்ள அட்மின் கணக்கு) மட்டும் எழுதக்கூடிய இடத்தில் வைத்தால் அவர்களாகப் புதுக் கீ சேர்த்துக்கொள்ள முடியாது. கீயின் வரியிலேயே எந்த ஐபியிலிருந்து வரலாம் என்றும் கட்டுப்படுத்தலாம்.

இதில் ஏறக்குறைய எல்லோரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில். கீ சரியாக ஏற்கப்படும், அடுத்த நொடி ‘ப்ரோக்கன் பைப்’ என்று இணைப்பு அறுந்துவிடும். சிஎச்ரூட் ஃபோல்டரும் அதற்கு மேலே உள்ள எல்லா ஃபோல்டர்களும் ரூட்டுக்குச் சொந்தமாக, வேறு யாரும் எழுத முடியாதபடி இருக்க வேண்டும். அனுமதி எண் 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) சரி, 775 (குரூப்பும் எழுதலாம்) ஆகாது. பயனர் எழுத வேண்டிய அப்லோட் ஃபோல்டரை அதற்குள் தனியாக உருவாக்கி அவர் பெயருக்கு மாற்றுங்கள். அவசரத்தில் 777 (யாரும் எழுதலாம்) போடுகிறவர்கள் உண்டு. அதனால் பிழை தீராது. அந்த அனுமதியைத்தான் எஸ்எஸ்எச்டி மறுக்கிறது. ரீலோட் செய்யும் முன் எஸ்எஸ்எச்டியின் டெஸ்ட் ஆப்ஷனை ஓட்டிப் பாருங்கள், இன்னொரு லாகினைத் திறந்தே வைத்திருங்கள்.

இனி ஃபைலுக்கு வருவோம். சர்வருக்கு ஏற்றும் முன்பே, பெறுபவரின் பப்ளிக் கீயால் (இது லாகின் கீ அல்ல, ஃபைலைப் பூட்டும் தனி கீ) ஜிபிஜி என்ற நிரலில் என்கிரிப்ட் செய்யுங்கள். திறக்கும் பிரைவேட் கீ பரிமாற்ற சர்வரில் ஒருநாளும் இருக்கக் கூடாது. அப்போது சர்வரே களவு போனாலும் அவர்கள் கையில் சிக்குவது வெறும் குப்பைதான். ஒன்று மட்டும் கவனம்: ஃபைலின் பெயர் மறையாது. ஊழியர் பெயரையோ பான் எண்ணையோ பெயரில் வைக்காதீர்கள். பாஸ்வேர்ட் போட்ட ஜிப் இதற்கு மாற்றாகாது. ஜிப்பின் பழைய என்கிரிப்ஷன் பலவீனமானது; வலுவான ஏஇஎஸ்-256 முறையைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளிருக்கும் ஃபைல்களின் பெயர்கள் தெரியும். பாஸ்வேர்டையும் அதே மெயிலிலேயே அனுப்பும் வழக்கம் வேறு.

அடுத்து அழிப்பது. பரிமாற்ற சர்வர் திண்ணை மாதிரி. வந்த சாமானை வீட்டுக்குள் எடுத்துப்போக வேண்டும், அங்கேயே அடுக்கக் கூடாது. 1440 நிமிடத்துக்கு (ஒரு நாளுக்கு) மேல் பழையதான ஃபைல்களை ஃபைண்ட் கமாண்ட் கொண்டு அழிக்கும் ஒரு வரியை கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதியில்) போட்டால் போதும். வெள்ளிக்கிழமை வருவதைத் திங்கட்கிழமைதான் எடுப்பார்கள் என்றால் 5760 (4 நாள்) என்று வையுங்கள். அந்த ஃபோல்டரை பேக்கப்பிலிருந்தும் ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் விலக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் இங்கே அழித்தது அங்கே வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பெறும் பக்கத்தில் பாதி வந்த ஃபைலை எடுத்துக் கணக்கில் ஏற்றிவிடும் கோளாறும் அடிக்கடி நடக்கிறது. ‘பார்ட்’ என்ற பின்னொட்டோடு ஏற்றி, முழுதாக முடிந்தபின் பெயரை மாற்றச் சொல்லுங்கள். பெறும் நிரல் பெயர் மாறியதை மட்டும் எடுக்கட்டும்.

முதல் இணைப்பில் வரும் ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளக் கீ) கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘யெஸ்’ அடிக்காதீர்கள். எதிர்ப்பக்கத்து அட்மினை, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் போனில் அழைத்து, அந்தக் கீயின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரின்ட்டை ஒப்பிட்டபின் ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னாளில் கீ மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், பழைய வரியை அழித்துவிட்டுத் தொடராமல் மறுபடி அதே போன். அந்தச் சோதனையையே நிறுத்திவைக்கும் ஸ்கிரிப்டுகளைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். நடுவில் யாராவது உட்கார்ந்திருந்தால் அந்த ஸ்கிரிப்ட் அவரிடமே ஃபைலைக் கொடுத்துவிட்டு வரும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு லாக் (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு) விஷயம் சட்டப்படியும் முக்கியம். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் போன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். உபுண்டுவில் சிஸ்டம் லாக்குகள் வாரம் ஒருமுறை சுழன்று, வழக்கமாக 4 வாரத்தோடு போய்விடும். லாக்குகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் நிரலில் அதை 26 வாரம் ஆக்குங்கள். இன்டர்னல் எஸ்எஃப்டிபிக்கு இன்ஃபோ அளவில் லாக் எழுதவும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யார் லாகின் செய்தார் என்பதுதான் பதிவாகும், எந்த ஃபைலை எடுத்தார் என்பது பதிவாகாது.