ஈசி சுத்தம், பட்டா அப்பா பேரில்: கீழக்கரைப் பக்கம் வீடு வாங்கிய அனுபவம்

ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு பதிவு. 1980-களில் விற்பவரின் அப்பா கிரயம் வாங்கியது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அடமானம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, பவர் (அதிகாரப் பத்திரம்) இல்லை. "இதுக்கு மேல என்னங்க வேணும், அட்வான்ஸைக் கொடுத்து முடிச்சிருங்க" என்றார் தரகர். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியதே இந்த மாதிரி ஈசியைத்தான்.

இராமநாதபுரத்தில் வேலை, டவுனுக்குள் மனை விலை கட்டுப்படியாகவில்லை, கீழக்கரை ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை என்று இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இது. பதிவு முறை, கடன் எல்லாம் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு, எங்கே இடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு விற்றவர் மகள். பட்டா அவருடைய அப்பா பேரில், அப்பா உயிரோடு இல்லை. வீட்டு வரி ரசீது மகள் பேரில், கரண்ட் இணைப்பு மகள் பேரில். தெருவில் யாரைக் கேட்டாலும் "அது அந்தப் பொண்ணு வீடு" என்றுதான் சொல்வார்கள். சொன்னதில் பொய் இல்லை. கீழக்கரைக் குடும்பங்களில் கல்யாணத்தின்போது வீட்டை மகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். கொடுப்பதைப் பல குடும்பங்களில் வாய்மொழி ஹிபாவாகவே (தானமாகவே) முடித்துவிடுவார்கள். கொடுத்தேன் என்று அறிவித்து, வாங்கியவர் ஏற்று, அனுபவத்தையும் கைமாற்றிவிட்டால் முஸ்லிம் சட்டப்படி அது செல்லும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவாகாத எதுவும் ஈசியில் ஏறாது. உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, இறந்துபோனவரின் வாரிசுகள் யார் யார் என்பது, இவற்றில் ஒன்றும் அதில் தெரியாது. 'பதிவு ஏதுமில்லை' என்றால் பதிவு ஏதுமில்லை, அவ்வளவுதான்.

பேங்க் வக்கீல் பத்திரங்களைப் புரட்டிவிட்டு இரண்டே வழி சொன்னார். ஒன்று, ஹிபா செல்லும் என்று கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வரட்டும். இல்லை, எல்லா வாரிசும் கையெழுத்துப் போடட்டும். கோர்ட் என்றால் எப்போது முடியும் என்று யார் சொல்வது? அதனால் இரண்டாவது வழி.

இதிலும் இரண்டு விதம் உண்டு. மற்ற வாரிசுகள் முதலில் தங்கள் பங்கை விட்டு மகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, பிறகு மகள் தனியாகக் கிரயம் செய்வது ஒன்று. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. அல்லது எல்லா வாரிசும் நேராகக் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்ந்துகொள்வது. இரண்டாவதில் ஒரு பத்திரச் செலவு மிச்சம். அப்படிச் செய்தால், அப்பா ஹிபா கொடுத்த விவரத்தையும், மற்ற வாரிசுகள் அதை ஒப்புக்கொண்டே சேர்ந்து எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதையும் பத்திரத்தின் முன்பகுதியில் ஒரு பாராவாக எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் தானாக எழுத மாட்டார்.

இந்துக் குடும்பங்களிலும் கதை இதேதான். "அக்காவைக் கட்டிக் கொடுத்தாச்சு, அவ கையெழுத்து எதுக்கு" என்பார்கள். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் கட்டிக் கொடுத்த மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அக்காவின் கையெழுத்து இல்லாத பத்திரத்தைத் தொடாதீர்கள்.

வாரிசுச் சான்று, இறப்புச் சான்று இரண்டும் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. ஆனால் வாரிசுகளில் ஒருவர் மலேசியாவில். பதிவுக்கு வர முடியாது, பவர் அனுப்புகிறேன் என்றார். இங்கேதான் பிடித்தது சனி.

வெளிநாட்டிலிருந்து வரும் பவருக்கு முறை இது. அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அசலை இங்கே அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டி முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் அதை வைத்துப் பத்திரம் பதிய முடியும். வந்த தேதிக்கு என்ன ஆதாரம்? கூரியர் கவர்தான். பவரை எடுத்துக்கொண்டு கவரைக் கிழித்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கவரை ஒட்டிய சீட்டோடு பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் பவரை மலேசியாவில் தயாரித்துக் கொடுத்தவர், சொத்து விவரத்தை அப்பாவின் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே நகலெடுத்திருந்தார். பழைய பத்திரத்தில் உட்பிரிவு ஆவதற்கு முன்னால் இருந்த சர்வே எண்தான் இருக்கும். பட்டாவில் இருப்பது உட்பிரிவு எண். உதாரணத்துக்கு, பத்திரத்தில் 112/3 என்றால் பட்டாவில் 112/3பி. பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டிப் பார்த்து, "இது வேற சொத்துங்க" என்று திருப்பித் தள்ளினார். நான்கு மால் (நான்கு பக்க எல்லை) அதேதான், கதவு எண் அதேதான் என்று எவ்வளவு சொல்லியும் காதில் வாங்கவில்லை. சரி, மலேசியாவிலிருந்து மறுபடி பவர் எழுதி வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால், இந்தத் தடவை பெயர். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் இருக்கிறது, வாரிசுச் சான்றில் இனிஷியல் மட்டும். முதல் தடவையும் இதே இனிஷியல்தானே இருந்தது? அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அப்போது அதுவரைக்கும் பார்க்கவில்லையாம்.

ஒரு குறையைச் சொல்லி அனுப்புவது, அதைச் சரிசெய்து கொண்டுபோனால் அடுத்த குறையை எடுப்பது. இதற்கு ஒரே மருந்து, குறைகளை எழுத்தில் கேட்பது. பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் ஒரு பத்திரத்தைப் பதிய மறுத்தால் காரணத்தை எழுதித்தான் ஆக வேண்டும். அதன் மேல் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். சண்டை போடத் தேவையில்லை. "சார், என்னென்ன வேணும்னு எல்லாத்தையும் ஒரே தடவையா எழுதிக் கொடுங்க, மறுபடி அவரைத் தூதரகத்துக்கு அலையவிட முடியாது" என்று நின்றாலே போதும். அதுவரை வராத பட்டியல் அப்போது ஒரு துண்டுச் சீட்டில் வந்தது.

ஆகவே வெளிநாட்டுக்குப் பவர் வாசகம் அனுப்பும்போது இதையெல்லாம் இங்கிருந்தே தட்டச்சு செய்து அனுப்புங்கள்: பழைய சர்வே எண், புதிய உட்பிரிவு எண், பட்டா எண், கதவு எண், நான்கு மால், பரப்பு, விற்க, பணம் வாங்க, பத்திரத்தைத் தாக்கல் செய்ய மூன்றுக்கும் தனித்தனியாக அதிகாரம், பெயர் இரண்டு விதமாக இருந்தால் "என்கிற" போட்டு இரண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற உயிர்ச் சான்றும் வேண்டும். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதால் பவரோடு சேர்த்து வாங்கி வைக்காதீர்கள். பதிவுக்கான டோக்கன் தேதி உறுதியான பிறகு வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பத்திர எழுத்தர் யாரும் சொல்ல மாட்டார்கள். விற்பவர் உள்நாட்டில் இருப்பவர் என்றால் விலை 50 லட்சத்தைத் தொட்டால்தான் 1 சதவீத வரிப் பிடித்தம். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால் அந்த 50 லட்சக் கணக்கே கிடையாது. அவர் பங்குத் தொகை எவ்வளவானாலும் வாங்குகிறவர் பிடித்துக் கட்ட வேண்டும், விகிதமும் 1 சதவீதம் அல்ல, பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் வருவது வாங்கினவருக்கு. ஒப்பந்தம் போடும் முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் அது கட்டாயம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்பார்கள், கேட்காதீர்கள்.

அடுத்தது பரப்பு. பத்திரத்தில் ஐந்தரை சென்ட். பட்டாவில் 2.00 ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட், ஆக 4.94 சென்ட்தான். வித்தியாசம் ஏறக்குறைய 244 சதுர அடி! புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை) எடுத்துப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது: பக்கத்துச் சந்துப் பாதையைத் தனி உட்பிரிவாகப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். 1979-இல் தொடங்கிய யூடிஆர் நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் இப்படி நிறைய நடந்திருக்கிறது. அப்பாவோ அதற்கும் முந்தைய பத்திரத்தில் இருந்த அளவையே தன் பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கிறார். யூடிஆர் பிழை என்று திருத்தப் போனால் மாவட்ட வருவாய் அலுவலர் வரைக்கும் போக வேண்டும். பாதை தரையிலும் பாதையாகவே இருந்தால் போயும் பலனில்லை. பட்டாப் பரப்புக்குத்தான் விலை என்று நின்றோம். கடைசியில் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். இந்த வீடு வாங்கியதில் மனசுக்கு நிறைவாக நடந்தது அது ஒன்றுதான்.

அட்வான்ஸுக்கு முன் சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுவார்கள். சரிதான், ஆனால் காலி மனை என்றால் முதலில் சீமைக் கருவேலத்தை வெட்டி இடத்தைத் திறந்துவிடுங்கள். முள்ளுக்குள் எல்லைக் கல்லைத் தேடமாட்டார், போய்விடுவார். வெட்டுகிற ஆளிடம் பனையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஆட்சியர் அனுமதி தேவை.

பழைய வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கும் அளவுக்குக் கான்கிரீட்டையும் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் உப்புதான் எமன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விடும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். கிணற்று உப்புத் தண்ணீரிலும் கடல் மணலிலும் கட்டிய வீட்டில் அதெல்லாம் எங்கே! கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பு, பாத்ரூம் ஸ்லாப், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள கூரை, இந்த மூன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொத்தென்று கேட்கும். நேர்கோட்டில் விரிசல் ஓடினால் கம்பி அங்கே துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கூரையில் ஒரு பகுதிக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால் அங்கே இன்னும் நாலு தட்டு. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பட்டி வைத்திருந்தால் விரல் நகத்தால் சுரண்டுங்கள். அடியில் உப்புப் பூத்திருக்கும்.

தண்ணீரை ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது. மோட்டார் போட்டதும் வருவது அந்த அடுக்கு. அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். குடிக்க 500 வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 2000 வரை அனுமதி. மார்கழியில் பார்த்த அளவு வைகாசியில் நிற்காது. ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று யாராவது சொன்னால், தெருவில் ஆழப் போர் வைத்திருக்கும் வீட்டில் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துப் பாருங்கள். குடிக்கக் காவிரிக் குழாய், இல்லாவிட்டால் தள்ளுவண்டிக் குடம். குழாய் இணைப்பு வீட்டுக்கு இருக்கிறதா என்பதையும் ரசீதோடு கேளுங்கள்.

கடலோரம் மலிவாக மனை வந்தால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பதை நினைவில் வையுங்கள். ஊர்ப்புறக் கரையில் அந்தக் கோட்டுக்கு அருகில் உள்ள பகுதியில் புதிதாகக் கட்டவே அனுமதி கிடைக்காது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ரோட்டோரம் போர்டு வைத்திருக்கும் மனைகளிலும் சிக்கல் உண்டு. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதியோ வரன்முறை ஆணையோ இல்லாத மனை 20.10.2016-க்கு முன் மனையாகவே பதிவாகியிருந்தால் ஒழிய, பத்திரம் பதிய மாட்டார்கள். சக்கரக்கோட்டைப் பக்கம் பார்ப்பவர்கள், அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேட்டில்) கண்மாய், ஊருணி, வரத்துக்கால் என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

செலவு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். இந்த 9-க்கு பொதுவாக பேங்க் கடன் தராது, கையில் வைத்திருக்க வேண்டும்.

பதிவு நாள் விரல் ரேகை, போட்டோ, சாட்சி என்று சிக்கலில்லாமல் போனது. புதிதாக உட்பிரிவு செய்யத் தேவையில்லாத சொத்து என்பதால் பட்டாவும் மாறியது; மாறியதும் இறக்கிப் பார்த்தால் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர். பட்டா மாறியதாகக் குறுஞ்செய்தி வந்த அன்றே எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, தவறு இருந்தால் உடனே தாலுகாவில் திருத்த மனு கொடுங்கள். கரண்ட் பெயர் மாற்றமும் வீட்டு வரிப் பெயர் மாற்றமும் அந்தப் பட்டாவையும் பத்திரத்தையும் பார்த்துத்தான் செய்கிறார்கள். விற்றவரிடமிருந்து வீட்டு வரியின் கடைசி மூன்று வருட ரசீதையும், குழாய் வைப்புத்தொகை ரசீதின் அசலையும் சாவியோடு வாங்கிக்கொள்ளுங்கள். சாவி கொடுத்த பிறகு அவர்கள் போனை எடுப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.