மூன்றாவது கியர்: அக்டோபர் குறிப்புகள்

14 அக்டோபர் 2025, செவ்வாய்

அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் வழி. பிறை டோல் தாண்டிப் பினாங்குப் பாலத்தில் ஏறியதும் காடி (கார்) மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெலுத்தோங் சிக்னலில் பச்சை விழுந்தபோது காடி நகர மறுத்து உறுமியது, பின்னால் ஹாரன். டயாலிசிஸ் சென்டர் வாசலில் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டேன். ஒழுங்காக முதல் கியரில் கிளம்பியது.

15 புதன்

ஃபோமேன் (மெக்கானிக்) அண்ணன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கியர்பாக்ஸ் போச்சு தங்கச்சி. ரீகண்டிஷன் ஒண்ணு போட்டுரலாம், 2,800 வெள்ளி" என்றார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை.

நானே திறந்தேன். எஞ்சின் சூடாக ஓடும்போது லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய், பிறகு நியூட்ரலில் வைத்து, கியர் எண்ணெய்க் குச்சியை உருவி வெள்ளை டிஷ்யூவில் துடைத்தேன். சிவப்பு. கருகல் வாடை இல்லை. விரலில் தேய்த்தால் இரும்புத் தூளும் இல்லை. "உள்ளே கிளட்ச் கருகியிருந்தா எண்ணெய் இப்படியா இருக்கும் அண்ணே?" என்றேன். "பழைய காடி, சொல்ல முடியாது" என்றார்.

சொல்ல முடியும். தேய்ந்த கிளட்ச் சாவியை அணைத்துப் போட்டதும் குணமாகாது. அணைத்துப் போட்டால் சரியாவது கம்ப்யூட்டரின் குணம். ஏதோ ஒரு சென்சார் சொல்வதை அது நம்பவில்லை, உடனே கியரை மாற்றும் மின் வால்வுகளான சோலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. மின்சாரம் இல்லாத இந்தக் கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தத்தால் மட்டும் மூன்றாவதில் போய் நிற்கும். எப்படியாவது வீடு போய்ச் சேர் என்று வைத்த ஏற்பாடு அது.

16 வியாழன்

டயாலிசிஸுக்கு முன் அம்மாவின் எடை 2.1 கிலோ கூடுதல். காடி தொந்தரவில்லை. மழையும் இல்லை.

17 வெள்ளி

கைபேசியோடு சேரும் சின்ன ஸ்கேனரைச் செருகினேன். ஒரே கோடு (பிழைக் குறியீடு): பி0700. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் புகார் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். என்ன புகார் என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லாது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே நுழைந்து படிக்கிற ஸ்கேனர் வேண்டும். இந்த ஒரு கோடைப் பார்த்துவிட்டுக் கியர்பாக்ஸையே மாற்றியவர்கள் எத்தனை பேரோ!

பாலம் தாண்ட வேண்டாத பட்டர்வொர்த் டயாலிசிஸ் சென்டருக்கு ஃபோன் போட்டேன். இடம் இன்னும் காலியாகவில்லை. அம்மாவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறதாம்.

18 சனி

இதை எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

திரும்பி வரும்போது பாலத்தில் ஜாம். நாலு மணி நேர டயாலிசிஸ் முடிந்து அம்மாவுக்கு ரத்த அழுத்தம் குறைந்திருந்தது, சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். நடுவில் அந்தப் பெரிய தூண்களுக்குப் பக்கத்தில், மேடு ஏறும் இடத்தில், மறுபடி மூன்றாவது. ஒவ்வொரு முறை நகரும்போதும் எஞ்சின் இழுக்க, காடி நடுங்கிக் குலுங்க, அம்மா பைப் போட்ட கையை, டயாலிசிஸ் ஊசி குத்துகிற கையை, மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். மூன்றாவதில் ஊர்ந்தால், எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்டருக்குள் எண்ணெய் கொதிக்கும், அது தெரியும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், அதுவும் தெரியும். ஆனால் அணைத்த பிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால்? 13.5 கிலோமீட்டர் பாலம், அதில் 8.4 கடலுக்கு மேலே. இறங்கி எங்கே போவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு?

அணைக்கவில்லை. முன்னால் இடம் விட்டு, மெல்ல மெல்ல உருட்டியே வந்தேன். "ஏன் பேசமாட்டேங்கிற?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

முன்பெல்லாம் ஃபெரியில் காடியை ஏற்றிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். 2021-லிருந்து காடி ஏற்றுவதில்லை.

20 திங்கள், தீபாவளி

மாமா வீட்டில் எல்லோருக்கும் ஒரே யோசனை: வித்துரு. யார் வாங்குவார், எவ்வளவுக்கு, மறுநாள் செவ்வாய்க்கு எதில் போவது, இதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. அம்மா அரை முறுக்கு தின்றார். தண்ணீர் கேட்டு, வேண்டாம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

21 செவ்வாய்

போனது, வந்தது. பாலம் முழுக்கக் கை வியர்வை.

22 புதன்

புக்கிட் மெர்தாஜாம் தம்பி பெரிய ஸ்கேனரோடு வந்தான். கோடு பி0720, அவுட்புட் வேக சென்சாரின் சர்க்கியூட். கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் வேகத்தைச் சொல்கிற சென்சார். உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் கணக்கில் பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டர் பயந்துவிடும்.

உடனே சென்சார் வாங்கப் போகலாம் என்றான். நான் விடவில்லை. கோடு காட்டுவது சர்க்கியூட்டை. வயர், பிளக், எர்த், சென்சார் எல்லாம் அதில் சேர்த்தி. பேட்டரி 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14.1, அது நல்லது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைக் கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். 0.62 வோல்ட். 0.2-க்குக் கீழே இருக்க வேண்டியது. எர்த் வயரைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சைப் பூப்பு. சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து இறுக்கினோம். 0.08.

சந்தோஷமாக ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கியருக்கும் வெட்டி வெட்டி இழுத்தது! பேட்டரியைக் கழற்றியதில் கம்ப்யூட்டர் பழகி வைத்ததெல்லாம் அழிந்துவிட்டது, திரும்பக் கற்றுக்கொள்ளும் என்றான் தம்பி. இருட்டும் வரை செபராங் ஜெயாவைச் சுற்றினோம். வெட்டு தணிந்தது. கடைசிச் சுற்றில், நன்றாகச் சூடேறிய பிறகு, மறுபடி மூன்றாவது. அதே கோடு.

23 வியாழன்

மாமாவின் மைவி காரில் போனோம். அம்மா போகும்போதும் வரும்போதும் தூங்கினார்.

24 வெள்ளி

சென்சாரைக் கழற்றிச் சமையலறை மேசையில் வைத்தேன். கட்டைவிரல் அளவு, கறுப்பு, இரண்டு பின், நுனிக் காந்தத்தில் சேறு மாதிரி மெல்லிய இரும்புப் பொடி. துடைத்தேன். பின்களில் மீட்டரை மாட்டினேன்: 430 ஓம். ஆட்டினேன், தட்டினேன், 430. யார் பார்த்தாலும் நல்ல சென்சார் என்பார்கள்.

சூடேறினால்தானே தகராறு. அம்மாவின் ஹேர் டிரையரை எடுத்தேன். 440, 455, 480. செம்புக் கம்பி சூடானால் இப்படிக் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், 10 டிகிரிக்கு 4 சதவீதம் போல. 510. 520. டக்கென்று எண்ணே இல்லை, "ஓஎல்" (அளக்க முடியவில்லை) என்று நின்றது. டிரையரை அணைத்துக் காத்திருந்தேன். ஆறியதும் எங்கிருந்தோ திரும்பி வந்தது, 490. மறுபடி சூடாக்கினேன், மறுபடி ஓஎல்.

உள்ளே கம்பி எங்கோ விட்டிருக்கிறது. சூட்டில் விரிந்தால் பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தச் சின்னதுக்கா அன்னைக்குப் பாலத்துல அவ்ளோ பயந்த?" என்றார். தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

உதிரிபாகக் கடை தவ்கே (முதலாளி) "எசோக்", நாளைக்கு, என்கிறார். 85 வெள்ளி.

25 சனி

எசோக் வரவில்லை. மைவி.

27 திங்கள்

வந்தது. மேசையில் வைத்து முதலில் சூடு காட்டினேன், 530 வரை ஏறியும் விடவில்லை. மாட்டினேன், கோடை அழித்தேன்.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனர் எண்களை வாசிக்க, பாயா தெருபோங் மேட்டில் இரண்டு தரம் ஏறி இறங்கினோம். இந்தக் கியர்பாக்ஸில் மூன்றாவது நேருக்கு நேர், உள்ளே எவ்வளவோ வெளியேயும் அவ்வளவு. கிளட்ச் வழுக்கினால் அந்த எண்கள் விலகும். "2,310, 2,310. 2,640, 2,640. 2,900, 2,900." ஏற்றத்தில், ஏசி போட்டு, எண்ணெய் கொதிக்கக் கொதிக்க. விலகவே இல்லை. போகவில்லை கியர்பாக்ஸ். ஃபோமேன் அண்ணனுக்கு இந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. பதில் வேண்டும் எனக்கு, அவர் அடுத்து யாரிடமாவது 2,800 கேட்பதற்கு முன்னால்.

28 செவ்வாய்

காலை 5.10. அம்மா குளிக்கிறார். நேற்று ராத்திரி பட்டர்வொர்த் சென்டரிலிருந்து செய்தி: வியாழக்கிழமை வந்து பார்க்கலாம், ஹெபடைட்டிஸ் பி, சி ரத்த முடிவு புதிதாக எடுத்தது வேண்டும். கோப்பில் இருப்பது ஜூன் மாதத்தது. இன்றைக்கே எடுக்க முடியுமா என்று இப்போது போகிற தீவுப் பக்கத்து சென்டர் நர்ஸிடம் கேட்க வேண்டும், ஊசி குத்தும்போதே எடுத்துவிட்டால் இன்னொரு குத்து மிச்சம். ஸ்கேனரைக் கழற்றவில்லை, மாட்டியபடியே போகிறேன்.