பதவியேத்துக்குற நாள்ல நருட்டோ தூங்கிட்டான்

நருட்டோங்குற ஜப்பான் அனிமே சீரிஸைப் பாத்து முடிச்ச நிறைய பேர் சொல்ற குறை ஒண்ணுதான். நருட்டோ, அதுக்கு அடுத்து வந்த ஷிப்புடென்னு ரெண்டு சீரிஸும் சேத்து 720 எபிசோடு, முதல் எபிசோடுல இருந்து நருட்டோ ஹொகாகே (அவனோட நிஞ்ஜா ஊருக்குத் தலைவர்) ஆவேன் ஹொகாகே ஆவேன்னு கத்திட்டே இருக்கான், கடைசியில பாத்தா அவன் ஹொகாகே ஆகுற சீனே இல்லையேன்னு. ஆமா இல்லதான். ஷிப்புடென் 500-வது எபிசோடு 2017 மார்ச்ல கல்யாணத்தோட முடிஞ்சிடுது, மூலக் காமிக்ஸான மாங்காவோட 700-வது சேப்டர்லயும் கதை பல வருஷம் தாண்டிப் போயிடும், அங்க அவன் ஏற்கனவே ஹொகாகேவா உக்காந்து வேலை பாத்துட்டு இருப்பான். ஆனா எனக்கு இதுல ஏமாத்தமே இல்ல. மாங்காவை எழுதி வரைஞ்ச கிஷிமோட்டோ அந்தக் கனவை முடிச்சு வெச்ச இடம் வேற, அதையும் கண்ணு முன்னாடியே, முழுசா காட்டித்தான் முடிச்சாரு.

முதல் எபிசோடை மறுபடி ஒருதடவை போட்டுப் பாருங்க. மலையில செதுக்கி வெச்சிருக்குற ஹொகாகே முகத்து மேலெல்லாம் பெயிண்ட் அடிச்சு வெப்பான். சேட்டைதான், ஆனா யாராச்சும் நம்மள திரும்பிப் பாக்க மாட்டாங்களா, திட்டவாவது செய்ய மாட்டாங்களான்னு பண்ற சேட்டை. பரீட்சையில ஃபெயிலாகி ஊஞ்சல்ல தனியா உக்காந்திருப்பான், மத்த பசங்களை அப்பா அம்மா கட்டிப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. இவனுக்குள்ள ஒன்பது வால் நரி அடைச்சு வெச்சிருக்குன்னு ஊர்ல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. அதே நரியால அப்பா அம்மாவைப் பறிகொடுத்தவர்தான் அவனோட வாத்தியார் இருகா சென்செய், அவர்தான் இவனுக்கு வர வேண்டிய அடியைத் தன் முதுகுல வாங்கிக்குறாரு, அப்புறம் கண்ணை மூடிக்கோன்னு சொல்லி நிஞ்ஜாங்கறதுக்கு அடையாளமான தன் நெத்திப்பட்டையைக் கழட்டி அவன் நெத்தியில கட்டி விடுறாரு. அவனுக்கு வேணும்னு இருந்தது இதுதான், ஒரு மனுஷன் அவனை மனுஷனா ஏத்துக்கணும். ஹொகாகே ஆயிட்டா ஊரே ஏத்துக்கும்னு பன்னண்டு வயசுப் பையன் போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கு எப்படியெல்லாம் மாறுதுங்கறதுதான் இந்த சீரிஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது. சூனின்ங்குற அடுத்த ரேங்க்குக்கான பரீட்சையில, அதை நடத்துற இபிகி பத்தாவது கேள்விக்கு முன்னாடி மிரட்டுவாரு, வேண்டாம்னா கையைத் தூக்கி விலகிடலாம், எழுதி தப்பாச்சுன்னா வாழ்க்கை முழுக்க ஜெனின்தான், அதாவது கீழ் ரேங்க்தான்னு. இவன் நடுங்கிட்டே கையைத் தூக்குவான், நாம போச்சுடான்னு நினைக்குறப்ப அதே கையால டெஸ்க்ல ஓங்கி அடிச்சு, ஜெனினாவே இருந்தாலும் ஹொகாகே ஆகியே தீருவேன்னு சொல்லுவான். அப்ப அது வீம்பு. ஷிப்புடென்ல வில்லன் ஒரோச்சிமாரு இடத்துல, ஊரை விட்டுப் போயிட்ட நண்பன் சாஸுகேவை ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குறப்ப, ஒரு நண்பனைக்கூட காப்பாத்த முடியாதவன் எப்படி ஹொகாகே ஆவான்னு கேக்குறான் பாருங்க, அங்க கனவுக்கு ஒரு நிபந்தனை வந்துடுது, அதை அவனே தனக்குப் போட்டுக்குறான்.

அப்புறம் ஷிப்புடென்ல பெயின்ங்குற வில்லன் ஊரைத் தாக்குற பகுதி, பெயின் ஆர்க். ஊரே தரைமட்டம், நருட்டோவோட வாத்தியார் ககாஷி உட்பட எத்தனையோ பேர் செத்துட்டாங்க, பெயினுக்குப் பின்னாடி இருந்து அதைப் பண்ண நாகாட்டோ முன்னாடி நின்னும் நருட்டோ பழி வாங்காம பேசுறான், நாகாட்டோ தன் உயிரைக் குடுத்து எல்லாரையும் எழுப்பி விடுறான். 175-வது எபிசோடு. நடக்கத் தெம்பில்லாம காட்டுல தடுமாறிட்டு வர்றவனை ககாஷி முதுகுல தூக்கிட்டு வர்றாரு, மரமெல்லாம் தாண்டி வெளிய வந்தா மொத்த ஊரும் காத்துட்டு நிக்குது. எந்த ஜனம் அவனைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போச்சோ அதே ஜனம் அவன் பேரைச் சொல்லிக் கத்துது. அவன் மூஞ்சியில முதல்ல சந்தோஷம் வராது, ஒண்ணும் புரியாம முழிப்பான், எனக்கு அந்த முழிதான் மொத்த சீரிஸ்லயும் பெரிய சீன். கனவு நிறைவேறிடுச்சு, பதவி எதுவும் இல்லாம.

பின்னாடி போர் நடக்குறப்ப சாஸுகேவோட அண்ணன் இட்டாச்சி இதை வாய்விட்டே சொல்லிடுறான், ஹொகாகே ஆனதும் எல்லாரும் ஏத்துக்குறதில்ல, எல்லாரும் ஏத்துக்குறவன்தான் ஹொகாகே ஆகுறான்னு. அந்த எபிசோடு 299. இதுக்கு மேல பதவியேற்பு விழாவைப் பெருசா காட்டி என்ன ஆகப் போகுது?

அப்புறம் அந்த விழாவையும் ஒரு ஓவிஏ-ல (டிவிக்கு இல்லாம தனியா வெளியிடுற எபிசோடு) காட்டினாங்க, நருட்டோவோட பையனைப் பத்தின போருட்டோ சீரிஸ்ல 18-வது எபிசோடாவும் வந்துச்சு. அன்னைக்குக் காலையில போருட்டோவும் தங்கச்சி ஹிமாவரியும் ஒரு பொம்மைக்கு சண்டை போட, பொம்மை கிழிஞ்சு ஹிமாவரிக்கு பியாகுகன்ங்குற கண் சக்தி முழிச்சுக்குது, குறுக்க வந்த நருட்டோ அவளோட ஒரே அடியில மயங்கி விழுந்துடுறான். விழாவுல அவனா உருமாறி நின்னது அவனோட சிஷ்யன் மாதிரியான கொனோஹமாரு. ஜனங்க கைதட்டல் வாங்குற அந்த நாளை அவன் தூங்கியே கழிச்சான், ஏன்னா அந்தக் கைதட்டலை அவன் ஏற்கனவே வாங்கிட்டான்.

கிடைச்சதுக்கு அப்புறம் என்ன ஆகும்னும் மறைக்கல. போருட்டோ படத்துல ஹிமாவரி பொறந்தநாளுக்கு தன்னோட நகலை, அதாவது நிழல் குளோனை அனுப்புவான், அலுவலகத்துல களைப்புல குளோன் மறைஞ்சு போக கேக் தரையில விழுந்துடும். போருட்டோவோட கோவத்துல நியாயம் இருக்கு. பையனும் அதே மலை முகத்துல பெயிண்ட் அடிக்குறான், அதே காரணத்துக்கு. இந்த இடத்துல நருட்டோ மேல எனக்கு வருத்தம்தான், அப்பா இல்லாம வளந்தவன் இதைப் பாத்திருக்கணும்.

500-வது எபிசோடு ஏன் கல்யாணத்துல முடியுதுன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. அதுல நருட்டோ இருகாகிட்ட போய் கல்யாணத்துல என் அப்பாவா இருக்க முடியுமான்னு கேப்பான். நெத்திப்பட்டை கட்டி விட்ட மனுஷன்கிட்ட. இதை விட்டுட்டு பதவி சீன் வேணும்னு எனக்குத் தோணவே இல்ல.

புதுசா பாக்குறவங்க ஷிப்புடென்ல 152-ல இருந்து 175 வரைக்கும் தொடர்ச்சியா பாருங்க, நடுவுல நிறுத்தாதீங்க. 170, 171 மட்டும் ஃபில்லர், அதாவது மாங்காவுல இல்லாத கதை, அதைத் தள்ளி விட்டுட்டு நேரா 172-க்குப் போயிடலாம்.