பகல் சூரியனுக்கு, இரவு பேட்டரிக்கு

ஜெனரேட்டர் சத்தம் இல்லாமல் கேரவனுக்குள் ஏசி ஓடுவதைக் கவனித்தால் பக்கத்து வண்டிக்காரர்கள் வந்து கேட்காமல் போக மாட்டார்கள். "எல்லாம் சோலாரா? எத்தனை பேனல் போட்டிருக்கீங்க?" நான் பதிலைச் சொல்லிவிட்டு, "ராத்திரிக்கு எத்தனை யூனிட் வேணும்னு கணக்குப் பார்த்தீங்களா?" என்று கேட்பேன். இந்தக் கோடையில் வறண்ட சமவெளி, கடற்கரை, மலை என்று சுற்றியதில் அந்தக் கேள்வியின் மேல் எனக்கு நம்பிக்கை கூடியிருக்கிறது. பகலில் ஏசி ஓட்டப் பெரிய சிரமமில்லை. சூரியன் இறங்கிய பிறகுதான் சோதனை.

வண்டியில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரையில் 400 வாட் பேனல்கள் நான்கு. படுக்கைக்கு அடியில் 51.2 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. அதாவது சுமார் 10 யூனிட். ஏசி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஸர் கொண்டது; பேட்டரியிலிருந்து வரும் டிசியிலேயே (நேர் மின்னோட்டம்) நேராக ஓடும். வண்டியோடு வந்த பழைய கூரை ஏசியை எடுத்துவிட்டுத்தான் இதைப் பொருத்தினோம். பழையது 13,500 பிடியு, ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஓடும்போது 1,400 வாட் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் அந்த முதல் இழுப்பு நன்றாக அடங்கும், 3,000 வாட் இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்ளும். ஆனால் அப்புறம் ஓடும் நேரமெல்லாம் அதே 1,400 வாட்தான். 12 வோல்ட் பேட்டரியில் அதற்கு 120 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். கேபிள் கட்டை விரல் தடிமனுக்குப் போகும், ஒரு இணைப்பு தளர்ந்தாலும் சூடேறும். 48 வோல்ட்டில் (எங்கள் 51.2 வோல்ட் பேட்டரியும் இந்த வகைதான்) ஆம்பியர் கால் பங்காகிவிடுகிறது. புதிதாக அமைப்பவர்கள் யாராக இருந்தாலும் 48 வோல்ட்டுக்கே போகச் சொல்வேன்.

சமவெளியில் மதியம் வெளியே 42 டிகிரி. பேனல் கொதித்தது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் திறன் சுமார் 0.35 சதவீதம் குறையும். 65 டிகிரியில் 14 சதவீதம் போய்விடும். கூரையில் படுத்த நிலையில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் போகும். அப்படியும் உச்சி வேளையில் 1,150 வாட் வந்தது, ஏசிக்குப் போக மிச்சம் இருந்தது. வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறுகிறது. குளிர் தேவைப்படும் நேரமும் அதுவேதான். சோலார் ஏசியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. காலை ஒன்பதரைக்கே ஏசியைப் போட்டுவிடுவோம். சுவரும் மெத்தையும் சூடேறிய பிறகு இரண்டு மணிக்குப் போட்டால் அது திணறும். முன் கண்ணாடி மேற்கைப் பார்க்காமல் நிறுத்துவதும், கண்ணாடிகளுக்கு வெளிப்புறமாகவே வெப்பத்தைத் திருப்பும் திரை போடுவதும் ஒரு பேனல் கூடுதலாக வைத்ததற்குச் சமம். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே விட்ட இடைவெளியில் காற்று ஓடுகிறது, கூரைக்கும் நிழல் கிடைக்கிறது. இரவில் சமவெளி தானாகவே குளிர்ந்துவிட்டது. ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து தூங்கினோம்.

கடற்கரையில் எல்லாம் தலைகீழ். இரவு பத்து மணிக்கும் 29 டிகிரி, காற்றில் ஈரம் நிறைந்திருந்தது. ஈரமான காற்றில் ஏசிக்கு இரட்டை வேலை: காற்றைக் குளிர்விக்க வேண்டும், அதிலிருக்கும் நீராவியையும் தண்ணீராக்கி வெளியே தள்ள வேண்டும். சராசரியாக 450 வாட் என்று பத்து மணி நேரம் ஓடியதில் நாலரை யூனிட். ஃபிரிட்ஜ், விசிறி, விளக்கு சேர்ந்து இன்னொரு யூனிட். நிரம்பியிருந்த பேட்டரியில் விடியும்போது நாலரை யூனிட்தான் மிச்சம். அன்று பகல் முழுக்க மேகம். வெயில் நாளில் ஆறு யூனிட்டுக்கு மேல் தரும் பேனல்கள் இரண்டு யூனிட்டோடு நின்றுவிட்டன. பகல் செலவு போக, இரண்டாம் இரவுக்குக் கையில் ஆறு யூனிட்கூட இல்லை. முந்தைய இரவு மாதிரியே ஓட்டினால் விடியும்போது பேட்டரி காலியாகியிருக்கும்.

வண்டி முழுவதையும் குளிர்விக்காமல், படுக்கைக்கு முன்னால் கனமான திரை கட்டி அந்த இடத்தை மட்டும் குளிர்வித்தோம். 24 டிகிரியை 27 ஆக்கினோம், சின்ன விசிறியைக் காலடியில் வைத்தோம். ஈரம் குறைந்த 27 டிகிரியும் ஓடும் காற்றும் தூக்கத்துக்குப் போதும். பத்து மணி நேரத்தில் ஏசி எடுத்தது இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். பேனலையும் பேட்டரியையும் பற்றி ஓயாமல் பேசுகிறோம், இந்தத் திரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மலையில் ஏசியே தேவைப்படவில்லை. ஆனால் மரங்களுக்கு அடியில் பேனலும் தூங்கிவிட்டது. பேனல்களைத் தொடராக இணைத்திருந்தால் ஒரு கிளையின் நிழல்கூட மற்றவற்றையும் இழுத்துப்போடும். அதற்காகவே 200 வாட் மடக்குப் பேனல்கள் இரண்டு வைத்திருக்கிறோம். நீளமான கேபிளோடு வெயில் விழும் இடத்தில் சூரியனைப் பார்த்துச் சாய்த்து வைத்தால், கூரை 100 வாட்டைத் தொடாத இடத்தில் இவை 300 வாட் தந்தன.

கடற்கரையில் மூன்று நான்கு நாள் தங்க இன்னொரு பேட்டரி வாங்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்த அளவுப் பேட்டரி ஒன்று 80, 90 கிலோ வரும். வண்டியின் எடை வரம்பில் எங்களுக்கு அவ்வளவு இடமில்லை. மேகம் இரண்டாம் நாளும் விலகாவிட்டால் வண்டியைக் கிளப்பிவிடுவோம். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து டிசி சார்ஜர் வழியாக இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒன்றரை, இரண்டு யூனிட் ஏறும். திரை கட்டிய படுக்கைக்கு ஓர் இரவு ஏசி ஓட அது ஏறக்குறையப் போதும்.