எஸ்ஆர் 7625: தயாரிப்பு நின்றுபோன வெடிமருந்தைத் தோட்டாவில் நிரப்பிப் பார்த்தது

டிராப் (பறக்கும் களிமண் தட்டு) சுடுவதற்கு மட்டும் தோட்டா நிரப்புவதென்றால் நான் பழைய வெடிமருந்து பக்கமே போயிருக்க மாட்டேன். ஹெர்குலிஸ் நிறுவனம் 1932-ல் கொண்டுவந்த ரெட் டாட்டே போதும். கறுப்புச் செதில்களுக்கு நடுவே சிவப்புச் செதில் தெரியும், பின்னாளில் அலையன்ட் லேபிளுக்கு மாறிய அதே மருந்துதான்.

என்னிடம் இருப்பது தோட்டா அமரும் அறை இரண்டரை அங்குலமே உள்ள பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கி. இப்போதைய அமெரிக்கத் தர வரையறையில் வழக்கமான 12 கேஜ் (குழல் அளவு) தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இவ்வளவு வயதான குழலை அந்த எல்லைக்குக் கொண்டுபோக எனக்கு மனசில்லை. வேகமாக எரியும் மருந்து, ரவை (தோட்டாவில் உள்ள சிறு குண்டுகள்) நகர ஆரம்பிக்கும்போதே அழுத்தத்தை உச்சிக்கு ஏற்றிவிடும். ரொம்ப மெதுவானதோ குறைந்த ரவைக்கு முழுசாக எரியாது. குளிர்காலத்தில் 'புஸ்' என்று போய், எரியாத துகள் குழலில் கிடக்கும். ஐஎம்ஆர் பெயரில் வந்த பிபி, எஸ்ஆர் 7625 மருந்துகள் இரண்டும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவை. பழைய துப்பாக்கிக்காரர்கள் அதற்காகத்தான் தேடி அலைகிறார்கள். டூபான்ட் வளர்த்த இந்த வரிசை 2003-ல் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2010-களில் இரண்டும் பட்டியலிலிருந்து காணாமல் போயின.

கிளப்பில் ஒரு பெரியவர் தன் சேமிப்பைக் கலைத்தபோது எஸ்ஆர் 7625 டப்பா ஒன்று கிடைத்தது. வந்ததும் முகர்ந்து பார்த்தேன். நல்ல மருந்தில் லேசான ஈதர் வாசம் வரும். கெட்டுப்போனது காரமாக மூக்கில் ஏறும். செம்பழுப்புத் தூசி உதிரும், டப்பாவின் உட்புறமும் துருப்பிடிக்கும். அப்படி இருந்தால் விலையைப் பார்க்காமல் ஒழித்துவிட வேண்டும். இது சுத்தமாக இருந்தது. மூடி திறந்து வேறு பாட்டிலுக்கு மாற்றிய மருந்தை யார் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை, அது சும்மா கிடைத்தாலும் சரி.

மருந்தைவிட ஹல்தான் (தோட்டாவின் வெற்றுக்கூடு) அதிக வேலை வைத்தது. பழைய கையேடுகளில் வின்செஸ்டர் ஏஏ என்று இருப்பது ஒரே வார்ப்பில் செய்த ஹல். பிறகு வந்த ஏஏ ஹெச்எஸ்-இல் அடிப்பகுதி தனித்துண்டு. பெயர் ஒன்றுதானே என்று கையேட்டில் உள்ள மருந்தளவை இதில் போடக்கூடாது. போதாக்குறைக்கு, என் அறைக்காக ஹல்லை வெட்டிக் குட்டையாக்கி, வாயை மடிப்பதற்குப் பதில் சுருட்டி மூட வேண்டியிருந்தது. ஆகவே சுருட்டு மூடலுக்கென்றே வெளியான பழைய அளவு ஒன்றைத் தேடி எடுத்து, அதே பிரைமர் (தீமூட்டி), அதே வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வரும் அடைப்பு) சேர்த்த பிறகே தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் கை வைத்தேன்.

குரோனோகிராஃப் கருவி ரவையின் வேகத்தை மட்டும்தான் காட்டும். வேகம் சரியாக வந்தாலும் அழுத்தம் எவ்வளவு என்று அதில் தெரியாது. அதனால் அழுத்தம் அளந்து தரும் ஆய்வுக்கூடத்துக்குச் சில தோட்டாக்களை அனுப்பினேன். நான் எதிர்பார்த்த எல்லைக்கு நன்றாகக் கீழேயே வந்தது. சுடும்போது தோளில் உதை ஒரு தள்ளு மாதிரிதான்.

ஒரு விஷயம் வியப்பாக இருக்கிறது. வின்செஸ்டர் 540 என்ற பழைய மருந்து டப்பாவுக்கு ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். அது ஹாட்ஜ்டன் ஹெச்எஸ்-6 மருந்தேதான், லேபிள்தான் வேறு. வின்செஸ்டரின் 452ஏஏ கதை அப்படியில்லை. அதனிடத்தில் வந்த டபிள்யூஎஸ்டி வேறு மருந்து, அளவும் வேறு. 452ஏஏ-வுக்கு ஏங்குவதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து பிபி. சீல் உடைக்காத டப்பா கிடைத்தால் மட்டும்.