பண்டிதர் கோடிட்ட ‘முருகே’

எங்கள் தமிழ்ப் பண்டிதர் காலமான செய்தி வந்த கிழமையே மலர்க்குழுவும் கட்டுரை கேட்டது. அவரை நினைப்பவர்களுக்கு முருகன் பெயர் பற்றிய அந்தப் பாடம் நினைவில் வராமல் இராது.

“முருகு என்றால் அழகு” என்று நிறுத்துபவரை அவர் இருக்க விடமாட்டார். இளமை, மணம், தெய்வம் என்ற பொருள்களும் வரவேண்டும். சொன்னதற்கு ஆட்சியும், அதாவது அந்தப் பொருளில் சொல் வரும் பாட்டும், காட்டவேண்டும். மணத்துக்குப் பட்டினப்பாலையின் ‘முருகமர் பூ’. தெய்வத்துக்கு நற்றிணை 34.

அந்தப் பாட்டுக்கு ஒரு பாடவேளை முழுவதும் போகும். தலைவிக்குக் காதல் நோய். முருகு அணங்கியது, அதாவது தெய்வம் பிடித்து வருத்துகிறது என்று எண்ணி, அதைத் தணிக்க ஆடும் வெறியாட்டு எடுக்கிறார்கள். பூசாரியான வேலன் வேண்ட, கடம்பங்கண்ணி சூடி வந்த தெய்வத்திடமே தோழி சொல்கிறாள்: ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே’. கடவுளே ஆனாலும் நீ அறியாமை உடையை என்கிறாள், வாழ்த்தும் சொல்கிறாள். என்ன துணிச்சல்!

கரும்பலகையில் கடைசிச் சொல்லுக்கு மட்டும் பண்டிதர் கோடிடுவார். ‘முருகன்’ விளியேற்றால், அதாவது அழைக்கும் வடிவில், ‘முருகா’. அன் ஈறு ஆ ஆகும் என்பது தொல்காப்பியம். இங்கே ‘முருகே’ என்று நிற்பதால் பெயர் ‘முருகு’. அன் விகுதி சேராமலே அது தெய்வத்தின் பெயராக வழங்கியிருக்கிறது. பெயரின் பழமைக்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

விடைத்தாளில் புள்ளி போகும் இடங்களும் அவருக்குத் தெரியும். அகநானூற்றில் முருகனைக் குறிக்கும் ‘நெடுவேள்’ என்பதை ‘நெடுவேல்’ என்று எழுதினால் தெய்வம் ஆயுதமாகிவிடும். சங்கப் பாட்டில் வேலன் என்றால் வெறியாடும் பூசாரி, முருகன் அல்லன். சேயோன், செம்மை நிறத்தவன். கந்தன் வடமொழி ஸ்கந்தனின் தமிழ் வடிவம். மெய்ம்மயக்கம், அதாவது மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது, தமிழில் மொழிமுதலில் வராததால் ஸகரம் விழுந்தது. கார்த்திகைப் பெண்கள் வளர்த்ததால் கார்த்திகேயன். மு, ரு, கு மூன்றும் மெல்லினம், இடையினம், வல்லினம் என்ற விளக்கத்தை ரசிப்பார். ஆனால் அது பின்னாளில் கண்ட பொருத்தம், பெயர்க்காரணமாக எழுதக்கூடாது என்பார்.

இங்கே கோயில் வகுப்பில் பிள்ளைகள் பெயரின் பொருள் கேட்டால் ‘அழகு’ என்றதோடு முடித்துவிடுகிறோம். நற்றிணை 34-ஐயும் படித்துக் காட்டுங்கள். பன்னிரண்டு வரிக்குள் அடங்கும் பாட்டுத்தான். திருமுருகாற்றுப்படையின் 317 அடிகளையும் அவரிடம் பாடங்கேட்க இருந்தோம். அதற்குள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டுவிட்டோம்.